பழைய மருந்து ஜாடியை வாசிப்பது எப்படி?

அருங்காட்சியகத்திலோ பழம்பொருள் கடையிலோ இத்தாலிய 'ஆல்பரெல்லோ' ஜாடியை, அதாவது மெருகு பூசிய மண் மருந்து ஜாடியை, பார்த்தால் முதலில் அதன் இடுப்பைக் கவனியுங்கள். நடுவில் ஒடுங்கியிருக்கும். நெருக்கமாக அடுக்கிய வரிசையிலிருந்து ஒரு கையால் பிடித்து எடுக்கத்தான் அந்த அமைப்பு! வாய் விளிம்பு வெளியே மடங்கியிருக்கும். பதப்படுத்திய தோலை மேலே போட்டு விளிம்பின் கீழே கயிற்றால் கட்டுவார்கள். மூக்கு வைத்த ஜாடி என்றால் சிரப், எண்ணெய் போன்றவற்றுக்கு.

அடுத்து எழுத்து. லத்தீனைச் சுருக்கி எழுதியிருப்பார்கள்: 'உங்க்' களிம்பு, 'சிர்' சிரப், 'ஓல்' எண்ணெய், 'அக்' வடிநீர். 'தெரியாக்கா' என்றிருந்தால் கொஞ்சம் நின்று பாருங்கள். விஷமுறிவு லேகியம் அது. விரியன் பாம்பின் இறைச்சி, அபின் இவற்றோடு நம் திப்பிலியும் அதில் சேரும். எனக்கு மிகவும் பிடித்த ஜாடி இதுதான்.

வீட்டில் ஒன்று இருந்தால் அதில் ஊறுகாயோ புளியோ தயவுசெய்து போடாதீர்கள். வெள்ளை மெருகில் ஈயம் உண்டு, புளிப்பு பட்டால் கரைந்து இறங்கும். தண்ணீரில் ஊறவைக்கவும் வேண்டாம். மெருகு பெயர்ந்த இடம் வழியே உள்ளிருக்கும் மண் ஈரத்தை உறிஞ்சிவிடும். உலர்ந்த மென்மையான துணியால் துடைத்தால் போதும்.