பிளாட்டுக்குக் கீழே கீரை மேசை: உணவு மையம் தொடங்குகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோலாலம்பூரில் சமூகத் தோட்டங்களுக்குக் குறைவில்லை. பங்சாரில் உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழே இருக்கும் கெபுன்-கெபுன் பங்சாரைப் பலர் பார்த்திருப்பீர்கள். அங்கிருந்து அதிகத் தூரமில்லை, லெம்பா பந்தாய் வட்டாரத்தின் பிபிஆர் எனப்படும் அரசாங்கக் குறைந்த விலை அடுக்குமாடிகள். கோலாலம்பூரின் குறைந்த விலை அடுக்குமாடிகளில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 22 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாமல் இருப்பதாக யுனிசெப் 2018-இல் வெளியிட்ட ஆய்வு சொன்னது. விளைகிற இடமும் தேவைப்படுகிற இடமும் இவ்வளவு பக்கத்தில் இருந்தும் கீரை வீடு போய்ச் சேரவில்லை.

அந்த இடைவெளியை அடைக்கத்தான் சமூக உணவு மையம். நாலைந்து சிறு தோட்டங்களின் விளைச்சலை ஓரிடத்தில் சேர்த்து, பயிரிட்டவருக்கு விலை பேசி, பிளாட்டுக்குக் கீழே மேசை போட்டுக் கொடுப்பது. நல்ல ஏற்பாடு. ஆனால் ஆறே மாதத்தில் மடக்கி வைக்கப்பட்ட மேசைகளையும் பார்த்திருக்கிறேன். நான் உதவிக்கு நின்ற ஒன்றும் அதில் உண்டு.

எல்லாவற்றிலும் பெரிய தவறு, விதை போட்ட பிறகு, பிளாட் வீடுகளில் என்ன வேண்டும் என்று கேட்பது. எங்கள் முதல் மேசையில் கேல், ரோஸ்மேரி, குட்டித் தக்காளி. ஒரு அக்கா கேல் கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இத பொரிக்கிறதா, கூட்டு வைக்கிறதா தம்பி?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "தண்டுக்கீரை இல்லையா?" என்றார். இல்லை. தோட்டத்து வேலியோரம் ஒரு முருங்கை மரம் தழைத்து நின்றது. அதில் ஒரு கொத்து ஒடித்து வைக்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. அந்த அக்கா வெறுங்கையோடு லிப்டுக்குத் திரும்பினார். இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

முதலில் அடுப்படியைக் கேளுங்கள். நம் வீடுகளில் கீரை, கத்திரிக்காய், வெண்டைக்காய், கறிவேப்பிலை. பக்கத்து வீட்டு மலாய் மக்சிக்குக்குப் பண்டான் இலை, செராய் என்னும் எலுமிச்சைப் புல், பச்சையாகச் சாப்பிடும் உலாம் ராஜா கீரை. புரட்டாசியில் சைவம் சாப்பிடும் வீடுகள் கூடும், நோன்பு மாதத்தில் வாங்கும் நேரமே மாறும். தண்டுக்கீரையும் கங்கோங் கீரையும் மூன்று நான்கு வாரத்தில் வந்துவிடும். அதனால் ஒரே நாளில் எல்லாப் பாத்தியிலும் விதைக்காமல், வாரம் ஒரு பாத்தியாக விதைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் ஒரு வாரம் மேசை நிறையும், அடுத்த மூன்று வாரம் காலியாகக் கிடக்கும். காலி மேசையை இரண்டு தடவை பார்த்தவர் மூன்றாவது தடவை கீழே இறங்கி வர மாட்டார்.

அடுத்தது நேரம். சனிக்கிழமை காலை ஒன்பது மணி என்பது தொண்டர்களுக்கு வசதியான நேரம். பன்னிரண்டு மணி நேர இரவு வேலை முடிந்து வந்த பாதுகாவலர் அப்போதுதான் படுத்திருப்பார். அவர் மனைவி துப்புரவு வேலைக்குக் கிளம்பியிருப்பார். மாலை ஏழு மணிக்கு மேசையைப் போட்டுப் பாருங்கள், கூட்டம் தானாக வரும். ஆனால் மதியம் அறுத்த கங்கோங் ஏழு மணிக்குத் துவண்டு கிடக்கும். ஐந்து மணிக்கு மேல் வேரோடு பிடுங்கி, கட்டாகக் கட்டி, நனைத்த சாக்கில் சுற்றிக் கொண்டு வந்தால் இரவு வரை தலை நிமிர்ந்து நிற்கும். லிப்ட் பழுதான நாளில் பதினாறாம் மாடிப் பாட்டி எப்படி இறங்குவார்? மாடிக்கு ஒரு பிள்ளையைப் பொறுப்பு வைத்து, பை கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்லலாம்.

எல்லாவற்றையும் இலவசமாகக் கொடுத்துவிடலாம் என்று நினைப்பதும் தவறு. அப்படிச் செய்தால் முதலில் விலகுகிறவர் பயிரிட்டவர்தான். விதைக்கும் உரத்துக்கும் காசு போட்டு, தினமும் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றியவருக்கு ஒரு கட்டுக்கு இவ்வளவு என்று கையில் கொடுக்க வேண்டும். வசதியுள்ள வீடுகள் சந்தாவாக வாங்கும் கூடைகளின் வருமானத்தில் பிளாட் மேசையின் விலையைக் குறைக்கலாம். மைகார்டு அடையாள அட்டையில் அரசாங்கம் போடும் சாரா உதவித்தொகை பதிவு செய்த கடைகளில்தான் செல்லும். அதை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். உங்கள் மேசைக்கு பிளாட் மக்கள் ரொக்கம்தான் எடுக்க வேண்டும், மாதக் கடைசியில் அது இருக்காது. பழைய மளிகைக் கடைக்காரர்கள் கடன் கணக்கு எழுதி வைத்திருந்த 555 நோட்டு அதற்கு இன்னும் நல்ல வழி. சம்பளம் வந்ததும் கொடுப்பார்கள்.

அப்புறம் படம் எடுப்பது. ஒரு தாய் கையில் கீரைப் பையைக் கொடுத்து, இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று, "கொஞ்சம் சிரிங்க" என்று சொல்வதை நான் பார்த்திருக்கிறேன். அவர் மகள், பதின்மூன்று வயது இருக்கும், தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். பள்ளித் தோழிகள் அந்தப் படத்தைப் பார்ப்பார்கள் என்று அவளுக்குத் தெரியும். நன்கொடையாளருக்கு ஆதாரம் வேண்டுமென்றால் கீரையைப் படம் எடுங்கள், மேசையை எடுங்கள், கணக்குப் புத்தகத்தைக் காட்டுங்கள். முகங்கள் வேண்டாம்.

சின்னச் சின்னத் தவறுகளும் உண்டு. வாட்ஸ்அப் அறிவிப்பை ஆங்கிலத்தில் மட்டும் போடாதீர்கள். தமிழிலும் மலாயிலும் போடுங்கள், படிக்கச் சிரமப்படும் பெரியவர்களுக்குக் குரல் பதிவாக அனுப்புங்கள். நிலத்துக்கு வாய்மொழி அனுமதி போதாது, எழுத்தில் வாங்குங்கள். தோட்டத்து வாளியிலும் பீப்பாயிலும் தண்ணீரைத் திறந்து வைக்காதீர்கள். டெங்கி பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டை கொசுவாகிப் பறக்க ஒரு வாரம், பத்து நாள் போதும். கொசுப் புழு இருந்தால் நோய் பரப்பும் பூச்சிகளை ஒழிக்கும் 1975-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அபராதமும் வரும்.

கடைசியாக ஒன்று. பொங்கலுக்கு மஞ்சள் கொத்து எல்லாத் தமிழ் வீட்டுக்கும் வேண்டும், மார்க்கெட்டில் அந்த வாரம் விலை ஏறிவிடும். மஞ்சள் வளர எட்டு ஒன்பது மாதம் ஆகும். ஏப்ரலில் கிழங்கு நட்டால்தான் ஜனவரியில் கொத்தாகப் பிடுங்கலாம். எத்தனை வீட்டுக்கு வேண்டும் என்று மார்ச் மாதமே ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறிக் கேட்டு எழுதிவிடுங்கள்.