ஈஎல்34 டியூப் சிவந்தால் முதலில் பார்க்க வேண்டியது

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டக் கோயிலின் பழைய ஆம்ப்ளிஃபையர் என் வீட்டுக்கு வந்தது. சத்தத்தைப் பெருக்க இரண்டு ஈஎல்34 வெற்றிடக் குழாய்கள் (டியூப்). கேத்தோடு பயாஸ், அதாவது கேத்தோடு காலில் உள்ள ரெசிஸ்டரே டியூபின் மின்னோட்டத்தை அளவாக வைக்கும் வகை. போட்டுக் கொஞ்ச நேரம் நன்றாகப் பாடும். அப்புறம் ஒரு டியூபின் உள்தகடு மங்கலாகச் சிவக்கும், சத்தம் கரகரக்கும்.

பட்டணத்துக் கடைக்கார அண்ணன், "டியூப் போச்சு தம்பி" என்றார். புதியது போட்டேன், அதுவும் சிவந்தது. இரண்டையும் இடம் மாற்றினேன். சிவப்பு அதே சாக்கெட்டிலேயே நின்றது. கேத்தோடு ரெசிஸ்டர் சரி, சாக்கெட் பிடிப்பும் சரி.

மிச்சம் இருந்தது கிரிட்டுக்கு, அதாவது டியூபின் மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் முனைக்குப் போகும் கப்ளிங் கெப்பாசிட்டர், பழைய மெழுகுக் காகித வகை. முன்கட்டத்தின் உயர் வோல்ட்டைத் தடுத்து, பாட்டை மட்டும் விடுவது அதன் வேலை. மீட்டரில் நல்லதாகவே காட்டியது. மீட்டர் கொடுக்கும் சில வோல்ட்டில் கசிவு தெரியாது. நானூறு வோல்ட்டும் சூடும் சேர்ந்தால்தான் தெரியும். அதனால் செட்டை நன்றாகச் சூடாக்கி, அணைத்து, டியூபைத் துணியால் பிடித்துக் கழற்றி, டியூப் இல்லாமலே செட்டை மறுபடி ஆன் செய்து, சாக்கெட்டின் 5ஆம் காலில் (கிரிட்) அளந்தேன். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்தில் 6 வோல்ட், பாசிட்டிவ்! கிரிட்டில் பாசிட்டிவ் ஏறினால் டியூப் அளவுக்கு மீறி மின்னோட்டம் இழுத்துச் சிவக்கும். ஆறியபோது அதே இடத்தில் ஒன்றுமில்லை.

டியூப் இல்லாமல் பூஜ்யம், டியூப் போட்டால் மட்டும் பாசிட்டிவ் ஏறுகிறது என்றால் டியூபைச் சந்தேகப்படலாம்.

மின்சாரத்தைத் துண்டித்து, ஃபில்டர் கெப்பாசிட்டரில் தேங்கிய மின்சாரத்தை ரெசிஸ்டர் வழியே இறக்கிவிட்டு, இரண்டு பக்கமும் 0.1 மைக்ரோஃபாரட், 630 வோல்ட் ஃபிலிம் வகை மாற்றினேன். இப்போது சாயங்காலம் முழுக்க ஓடியும் தகடு கறுப்பாகவே இருக்கிறது. அப்பாடா! கடைக்காரர் 'போச்சு' என்ற டியூபும் அதில்தான் ஓடுகிறது.