சவுத் கென்சிங்டனில் ஒரு பகல்: லண்டனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

லண்டனுக்கு வந்த முதல் சில மாதங்கள் நம்மில் பலருக்கும் ஒரே மாதிரிதான் போகின்றன. வாடகைக்கு அறை, வங்கிக் கணக்கு, ஜி.பி. (குடும்ப மருத்துவர்) பதிவு, நேஷனல் இன்சூரன்ஸ் நம்பர், வேலைக்கான அலைச்சல். சனி, ஞாயிறு வந்தால் ஈஸ்ட் ஹாமிலோ டூட்டிங்கிலோ மளிகை வாங்கிக்கொண்டு திரும்புவதோடு சரி. ஊர் பார்ப்பதை "செட்டில் ஆன பிறகு" என்று தள்ளிவைக்கிறோம். வந்து பல வருஷம் கழித்து, ஊரிலிருந்து அப்பா அம்மா வரும்போதுதான் முதல் தடவையாக மியூசியத்துக்குள் கால் வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே இருக்கிறார்கள். அவ்வளவு காலம் காத்திருக்காதீர்கள். வந்த புதிதில், கையில் காசு இறுக்கமாக இருக்கும்போதுதான் சவுத் கென்சிங்டன் மியூசியங்களையும் பூங்காவையும் சுற்றிவரும் இந்த நடை மிகவும் உதவும். போக்குவரத்துச் செலவைத் தவிர வேறு செலவே இல்லை.

ஈஸ்ட் ஹாமில் இருப்பவர்கள் டிஸ்ட்ரிக்ட் லைனில் ஏறினால் மாறாமலே சவுத் கென்சிங்டனில் இறங்கலாம். ரேனர்ஸ் லேன், சவுத் ஹாரோ பக்கமென்றால் பிக்கடில்லி லைன் நேரே போகும். டூட்டிங் பிராட்வேயிலிருந்து நார்தர்ன் லைனில் ஸ்டாக்வெல் வந்து, விக்டோரியா லைனுக்கு மாறி, விக்டோரியா ஸ்டேஷனில் டிஸ்ட்ரிக்ட் அல்லது சர்க்கிள் லைன் பிடியுங்கள். வங்கிக் கார்டையே கேட்டில் தட்டலாம். ஆனால் நாள் முழுக்க ஒரே கார்டைத் தட்டுங்கள்; காலையில் கார்டு, மாலையில் போன் என்று மாற்றினால் இரண்டு ஆட்களாகக் கணக்காகி, ஒரு நாளில் குறிப்பிட்ட தொகைக்கு மேல் பிடிக்காத உச்சவரம்புச் சலுகை கைநழுவிப் போகும். 11 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகள் பெரியவரோடு வந்தால் ட்யூபில் கட்டணம் இல்லை. தள்ளுவண்டியோடு வருபவர்கள் இந்த ஸ்டேஷனில் படி ஏறத் தயாராக இருங்கள்.

ஸ்டேஷனிலிருந்தே மியூசியங்களுக்கு ஒரு சுரங்கப்பாதை போகிறது. 1885-இல் திறந்தது. மழையோ குளிரோ, நனையாமல் போய்ச் சேரலாம்.

இவ்வளவும் ஏன் ஒரே இடத்தில் குவிந்திருக்கின்றன என்று தெரிந்துகொண்டு நடந்தால் நடை இன்னும் ருசிக்கும். 1851-இல் பக்கத்திலிருக்கும் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகக் கண்காட்சி நடத்தினார்கள். அறுபது லட்சம் பேர் வந்து பார்த்தார்கள். அதில் கிடைத்த சுமார் 1,86,000 பவுண்டு லாபத்தைக் கொண்டு, விக்டோரியா அரசியின் கணவர் ஆல்பர்ட் முன்னின்று, பூங்காவுக்குத் தெற்கே நிலம் வாங்கச் செய்தார். கலையும் அறிவியலும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும் என்பது நோக்கம். அந்த நிலத்தில்தான் இப்போது நடக்கப் போகிறீர்கள்.

வாசலில் தயங்குபவர்களுக்காக இதைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். இயற்கை வரலாற்று மியூசியம், சயன்ஸ் மியூசியம், விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம் என்று இங்குள்ள மூன்று மியூசியங்களுக்கும் நுழைவு இலவசம். விசா என்ன, எங்கே இருக்கிறீர்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். பையைத் திறந்து காட்டச் சொல்வார்கள், அவ்வளவுதான். உள்ளே கார்டு தட்டும் கருவியோடு ஒரு நன்கொடைப் பெட்டி நிற்கும். டிக்கெட் கவுண்டர் என்று நினைத்துத் திரும்பி வந்துவிடாதீர்கள். விருப்பமிருந்தால் போடலாம், இல்லையென்றால் நிமிர்ந்து நடந்து போகலாம். இணையத்தில் முன்கூட்டியே இலவச டிக்கெட் எடுத்துவைத்தால் பள்ளி விடுமுறை நாட்களின் வரிசையில் நிற்கும் நேரம் குறையும். தனிக் கண்காட்சிகள் போன்ற சிலவற்றுக்கு மட்டும்தான் கட்டணம்; முதல் தடவை அவை வேண்டாம்.

இன்னொன்று. எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிட நினைக்காதீர்கள். காசு கொடுத்த இடமென்றால்தான் மூலை முடுக்கெல்லாம் பார்க்கத் தோன்றும். இங்கே எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம். ஓர் இடத்தில் ஒரு கூடம், ஒன்றிரண்டு பொருள். அது போதும்.

இயற்கை வரலாற்று மியூசியத்தில் அந்த ஒன்று நீலத் திமிங்கலம். நடுக்கூடத்தில் தலைக்கு மேல் 25 மீட்டர் நீள எலும்புக்கூடு, பாய்ந்து இறங்குவதுபோல் தொங்குகிறது. 1891-இல் அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்ட் கரையில் ஒதுங்கிய திமிங்கலம் இது. 2017-இல் இங்கே தொங்கவிட்டு, 'ஹோப்' என்று பெயர் வைத்தார்கள். இலங்கையில் திருகோணமலைக் கடலிலும் மிரிஸ்ஸாவுக்கு அப்பாலும் வருவது இதே இனம்தான். பிள்ளைகளுக்கு அதன் முன்துடுப்பைக் காட்டுங்கள்: உள்ளே நம் கைவிரல் போலவே எலும்புகள் வரிசையாக இருக்கும். பிறகு சுவரைப் பாருங்கள். கட்டடம் முழுக்கச் சுடுமண் வேலைப்பாடு. தூண்களில் குரங்குகள்கூட ஏறிக்கொண்டிருக்கும். கட்டடக் கலைஞர் ஆல்ஃப்ரெட் வாட்டர்ஹவுஸ், திறந்தது 1881-இல்.

அடுத்தது சயன்ஸ் மியூசியம். உலகில் மிஞ்சியிருக்கும் மிகப் பழைய நீராவி ரயில் எஞ்சினான பஃபிங் பில்லியையும், 1969 மே மாதம் மூன்று பேரைச் சுமந்து நிலாவைச் சுற்றிவந்த அப்பல்லோ 10 விண்கூண்டையும் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு வந்த புளிச்சோற்றை அங்கேயே சாப்பிடலாம். சொந்தச் சாப்பாடு சாப்பிட இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கூச்சம் வேண்டாம், எல்லோரும் டப்பா திறப்பார்கள்.

எதிரில் விக்டோரியா அண்டு ஆல்பர்ட் மியூசியம், சுருக்கமாக வி அண்டு ஏ. மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். உள்ளே போகும் முன் எக்சிபிஷன் ரோட்டுப் பக்கச் சுவரில் விரல் வைத்துப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் குண்டுச் சிதறல் கொத்திய பள்ளங்கள், சில உள்ளங்கை அளவு. பூசி மறைக்காமல் நினைவாக விட்டுவைத்திருக்கிறார்கள். போரிலிருந்து தப்பி வந்தவர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்கக்கூடும்.

உள்ளே திப்பு சுல்தானின் புலி. வெள்ளைக்காரனைக் கீழே தள்ளிக் கழுத்தைக் கவ்வும் மரப்புலி. கைப்பிடியைச் சுற்றினால் புலி உறுமும், மனிதன் முனகியபடி கையை அசைப்பான். வயிற்றுக்குள் ஓர் ஆர்கன் வாத்தியமும் இருக்கிறது. 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டினம் விழுந்தபோது கும்பினிப் (கிழக்கிந்தியக் கம்பெனிப்) படை அள்ளி வந்தது. நம் சோழர் காலத்துச் செப்புத் திருமேனிகளும் இந்த மியூசியத்தின் வசம் இருக்கின்றன. கூடங்களைப் புதுப்பிக்கும்போது பொருள்களை இடம் மாற்றுவார்கள், ஆகவே வரவேற்பு மேசையில் முதலில் கேளுங்கள். இவையெல்லாம் எப்படி இங்கே வந்தன என்று மனம் கனக்கும். அது நியாயமான கனம். ஆனாலும் போய்ப் பாருங்கள். நம் பிள்ளைகள் கண்டிப்பாகப் பார்க்க வேண்டும்.

கால் வலித்தால் நடு முற்றத்தில் உட்காருங்கள். கோடையில் அங்குள்ள ஆழமில்லாத தண்ணீரில் பிள்ளைகள் கால் நனைப்பார்கள். வெள்ளிக்கிழமைகளில் வி அண்டு ஏ இரவு 10 மணி வரை திறந்திருக்கும், வேலை முடிந்தே போகலாம்.

எக்சிபிஷன் ரோட்டில் வடக்கே நடக்கும்போது கவனம்: நடைபாதை மேடு இல்லை, காரும் ஆட்களும் ஒரே தளத்தில் போவார்கள். பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் பிரின்ஸ் கன்சார்ட் ரோட்டில் திரும்பினால் ராயல் காலேஜ் ஆஃப் மியூசிக். கல்லூரி நடக்கும் பருவ நாட்களில் மாணவர்கள் நடத்தும் பல கச்சேரிகள் இலவசம்; இணையத்தில் இடம் பதிந்துகொள்ளுங்கள். மேற்கத்திய சாஸ்திரிய இசையை நேரில் கேட்டே இராதவர்களுக்கு இதைவிட நல்ல தொடக்கம் இல்லை. நம் சபாக்களில் நிரவல் நடுவிலோ தனி ஆவர்த்தனம் முடிந்த கையோடோ தட்டுவோம். இங்கே ஒரு படைப்பின் எல்லாப் பகுதிகளும் முடிந்த பிறகே தட்டுவார்கள். மற்றவர்கள் தட்டும்போது சேர்ந்துகொண்டால் போதும்.

எதிரே படியேறினால் ராயல் ஆல்பர்ட் ஹால். 1871-இல் திறந்த நீள்வட்டக் கட்டடம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் கொள்ளும். லதா மங்கேஷ்கர் 1974-இல் பாடியது இங்கேதான். இங்கே நுழைவது பணக்காரர்களின் வேலை என்று நினைப்பவர்களுக்கு ஒரு வழி சொல்கிறேன். ஜூலை நடுவிலிருந்து செப்டம்பர் நடு வரை பி.பி.சி. 'ப்ராம்ஸ்' இசைவிழா. நின்று கேட்கும் டிக்கெட் அன்றைக்கு அன்று விற்பார்கள். அண்மை ஆண்டுகளில் விலை 8 பவுண்டு. மேடைக்கு நேர் எதிரே, வயலின்காரரின் வில் நார் தெரியும் தூரத்தில் நிற்கலாம். தட்டையான செருப்பு போட்டுக்கொண்டு போங்கள்.

சாலையைக் கடந்தால் ஆல்பர்ட் நினைவுச் சின்னம். பொன் பூசிய ஆல்பர்ட் கையில் வைத்திருப்பது அந்த 1851 கண்காட்சியின் விவரப் புத்தகம். நான்கு மூலைகளில் நான்கு கண்டங்கள். ஆசியா யானைமேல் அமர்ந்திருக்கிறாள்.

இனி கென்சிங்டன் கார்டன்ஸ். வடகிழக்காக நடந்தால் ஏரிக்கரையோரம் சிறுவர் கதை நாயகன் பீட்டர் பேனின் சிலை வரும். அந்தப் பக்கம் போகும்போது மரங்களை அண்ணாந்து பாருங்கள். கீச்கீச்சென்று கூட்டமாகப் பறப்பவை நம்மூர்ப் பச்சைக்கிளிகள். அதே சிவந்த மூக்கு, ஆண்கிளிக்கு அதே கழுத்து வளையம். இங்கே கூடு கட்டி, குஞ்சு பொரித்து, பனிக்காலத்தையும் தாங்கிப் பெருகிவிட்டன. தீனி போடாதீர்கள், பூங்கா நிர்வாகம் வேண்டாமென்று கேட்டுக்கொள்கிறது. புல்லில் எங்கே வேண்டுமானாலும் துணி விரித்து உட்காரலாம், படுக்கலாம். யாரும் எழுப்ப மாட்டார்கள்.

குளிர்காலத்தில் வருபவர்கள் வரிசையைத் திருப்பிவிடுங்கள். டிசம்பரில் நாலு மணிக்கே இருட்டும், இருட்டியதும் கென்சிங்டன் கார்டன்ஸ் கதவுகளைப் பூட்டிவிடுவார்கள். அந்த மாதங்களில் காலையில் பூங்கா, பிற்பகல் மியூசியம். டிசம்பர் 24 முதல் 26 வரை மூன்று மியூசியங்களும் மூடியிருக்கும்.

முழு நடையும் சுமார் 3 கிலோமீட்டர். இத்தாலியத் தோட்டத்தின் நீரூற்றுகளைத் தாண்டி வெளியே வந்தால் லங்காஸ்டர் கேட் ஸ்டேஷன், சென்ட்ரல் லைன். ஈஸ்ட் ஹாம் போகிறவர்கள் மைல் எண்டில் இறங்கி, அதே பிளாட்பாரத்தின் எதிர்ப்பக்கம் டிஸ்ட்ரிக்ட் லைன் பிடிக்கலாம், படியேற வேண்டியதில்லை. வெம்ப்ளி, ஹாரோ பக்கம் போகிறவர்கள் பத்து நிமிடம் நடந்து பாடிங்டன் போய் பேக்கர்லூ லைனில் ஏறுங்கள்.