எத்தனை ஊசி போட்டோம் என்பதல்ல கேள்வி: ஆப்பிரிக்காவின் வெக்கை நோய் ஒழிப்பில் நடந்த தவறுகள்

மனிதர்களில் பெரியம்மையை ஒழித்தாயிற்று. கால்நடைகளில் இதுவரை உலகம் முழுக்க ஒழிந்தது மாட்டு வெக்கை நோய் (ரிண்டர்பெஸ்ட்) ஒன்றுதான். 2001இல் கென்யாவின் மேரு தேசியப் பூங்காவில் ஆப்பிரிக்கக் காட்டெருமைகளிடம் தென்பட்டதே கடைசி, 2011இல் ஒழிந்துவிட்டது என்று அதிகாரபூர்வமாக அறிவித்தார்கள். இதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வெற்றியை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். நடுவில் இருபது வருடத்துக்கு மேல் தேசியத் திட்டங்கள் எங்கெங்கே சறுக்கின என்பதுதான் இப்போது நமக்கு வேண்டிய பாடம், ஏனென்றால் ஆடுகளைத் தாக்கும் ஆட்டுக்கொல்லி (பிபிஆர்) நோயை 2030க்குள் ஒழிப்பதாகக் கிளம்பியிருக்கிறார்கள்.

முதல் தவறு, நோய் கண்ணில் படவில்லை என்றதும் மூட்டையைக் கட்டுவது. 1962இல் சாட் ஏரியைச் சுற்றிய நாடுகளில் 'கூட்டுத் திட்டம் 15' என்று ஒன்று தொடங்கி, 1976 வரை 22 நாடுகளில் நடந்தது. எல்லா மாடுகளுக்கும் மூன்று வருடம் தொடர்ந்து ஊசி, அதன் பிறகு ஆண்டுதோறும் கன்றுகளுக்கு மட்டும் என்பது ஏற்பாடு. முதல் பாதி பிரமாதமாக நடந்தது. மாலி-மொரிட்டானியா எல்லைப் பக்கமும், சூடான்-எத்தியோப்பியா பக்கமும் சில இடங்களில் மட்டும் நோய் மிச்சமிருந்தது. வெளிநாட்டுப் பணம் நின்றது, நோயும் கண்ணில் படவில்லை, கன்றுகளுக்கு ஊசி போடுவதை அரசுகள் கைவிட்டன. கால்நடை நோய் ஆய்வாளர் வால்டர் பிளௌரைட் கென்யாவில் உருவாக்கிய அந்தத் தடுப்பூசி ஒரு தடவை போட்டால் ஆயுள் முழுக்கக் காக்கும், சரி, ஆனால் போட்ட மாட்டைத்தானே காக்கும்? அடுத்த வருடம் பிறந்த கன்றுக்கு ஒன்றுமில்லை. மிச்சமிருந்த அந்த இடங்களிலிருந்து 1980களின் தொடக்கத்தில் நோய் மேற்கிலும் கிழக்கிலும் மறுபடி பரவியது. நைஜீரியாவில் மட்டும் லட்சக்கணக்கான மாடுகள் போயின.

அடுத்தது, என்னைக் கேட்டால் எல்லாவற்றிலும் மோசமான தவறு, ஊசி எண்ணிக்கையை வைத்து மார்தட்டிக்கொள்வது. ஆண்டறிக்கையில் இத்தனை லட்சம் டோஸ் என்று எழுதுவது எந்தத் துறைக்கும் சுலபம், அதைக் கேள்வி கேட்கவும் யாரும் வர மாட்டார்கள். ஆனால் அந்த ஊசிகள் யாருக்குப் போயின? ஜீப் போகிற சாலையோரத்தில் இருக்கும், ஏற்கெனவே இரண்டு மூன்று தடவை ஊசி வாங்கிய பெரிய மாடுகளுக்கு. வைரஸ் உட்கார்ந்திருந்ததோ சாலையே இல்லாத மேய்ச்சல் நிலங்களில். எத்தியோப்பியா வருடா வருடம் மேட்டுநிலம் முழுக்க ஊசி போட்டும் நோய் போகவில்லை. 1990களின் நடுவில் யோசனையை மாற்றி, நோய் எங்கே தங்கியிருக்கிறது என்று தேடிப் பார்த்து, அஃபார் போன்ற தாழ்நிலப் பகுதிகளில் குறிவைத்து அடித்தார்கள். 1995க்குப் பிறகு அந்த நாட்டில் நோய் வரவில்லை. அரைகுறையாகப் போடும் ஊசி, போடாமல் இருப்பதைவிட மோசமாகவும் முடியலாம். கொள்ளைநோயாக வந்து எரிந்து அடங்கியிருக்க வேண்டியது, கொஞ்சம் கொஞ்சமாகப் புகைந்துகொண்டு அங்கேயே குடியிருக்கும்.

ஊசி போட்டாயிற்று என்பதற்கும் மாட்டுக்கு எதிர்ப்புச்சக்தி வந்துவிட்டது என்பதற்கும் நடுவில் நிறைய நடக்கும். இது உயிருள்ள வைரஸ் மருந்து. உறைய வைத்து உலர்த்திய தூளாக, சின்னக் குப்பியில் வரும். உப்புக்கரைசல் விட்டுக் கலக்கிய பிறகு குளிர்ச்சியாகவே வைத்திருந்து சில மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். மாடு வந்து சேரட்டும் என்று காலையில் கலக்கியதை மதிய வெயிலில் வைத்திருந்தால், ஐஸ் உருகிய பெட்டியில் இருப்பது மருந்தில்லை, வெறும் உப்புத்தண்ணீர்தான். சுத்தமாக இருக்கட்டும் என்று சிரிஞ்சை ஸ்பிரிட்டால் கழுவிவிட்டு உடனே மருந்தை ஏற்றினாலும் அதே கதி. தாய்ப்பால் வழி வந்த எதிர்ப்புச்சக்தி இன்னும் குறையாத இளங்கன்றுக்குப் போட்டாலும் பலன் இருக்காது. இத்தனைக்கும் அந்த மாடு கணக்கில் ஏறிவிடும், அடையாளத்துக்குக் காதிலும் ஓட்டை விழுந்திருக்கும்.

இதற்கு விடையாகக் கால்நடை மருத்துவ ஆய்வாளர் ஜெஃப்ரி மாரினரின் குழு, குளிர்ப்பெட்டி இல்லாமலேயே ஒரு மாதம் வரை தாங்கும் தெர்மோவேக்ஸ் மருந்தைக் கொண்டுவந்தது. மருந்து மட்டும் போதவில்லை, அதைத் தூக்கிக்கொண்டு நடந்துபோக ஆள் வேண்டுமே. மேய்ச்சல் மக்களிலிருந்தே ஆட்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். அஃபாரில் இவர்கள் ஊசி போட்ட மாடுகளைச் சோதித்துப் பார்த்தபோது எண்பது சதவீதத்துக்கு மேல் எதிர்ப்புச்சக்தி வந்திருந்தது. உள்நாட்டுப் போர் நடந்த தெற்குச் சூடானிலும் இதே வழிதான் பலித்தது. படிக்காதவர் கையில் ஊசியா என்று கால்நடை மருத்துவர்கள் சிலர் முகம் சுளித்ததுண்டு. அந்த இடங்களுக்கு அவர்கள் போகப் போவதில்லை என்பது வேறு விஷயம்!

அப்புறம், ஊசியை நிறுத்தவே பயப்படுவது. முதல் தவறுக்கு நேர் எதிரானது போலத் தெரியும், ஆனால் இதுவும் தவறுதான். ரத்தப் பரிசோதனையில் தடுப்பூசி போட்ட மாட்டையும் நோய் வந்து தேறிய மாட்டையும் பிரித்துப் பார்க்க முடியாது. ஊசி போட்டுக்கொண்டே இருந்தால் வைரஸ் இருக்கிறதா இல்லையா என்று யாருக்கும் கடைசி வரை தெரியாது. 1976க்குப் பிறகு தேடாமலே நிறுத்தினார்கள். சரியான முறை, குறிப்பிட்ட பகுதியில் ஊசியை அறிவித்து நிறுத்திவிட்டு, வருடக்கணக்கில் ரத்த மாதிரி எடுத்துத் தேடுவது.

தேடும்போதும் பாடப்புத்தக அறிகுறியையே எதிர்பார்க்கக் கூடாது. சோமாலிய மாடுகளிடையே சுற்றிய வைரஸ் வகை அவ்வளவு சாதுவானது, லேசான காய்ச்சல், கொஞ்சம் கண்ணீர், இரண்டு நாளில் மாடு எழுந்துவிடும், யாரும் புகார் சொல்ல மாட்டார்கள். அதே வைரஸ் 1990களின் நடுவில் கென்யாவின் சாவோ பகுதிக்குள் புகுந்தபோது காட்டெருமைகளும் குடு மான்களும் கும்பலாகச் செத்தன. மாட்டில் நோயே இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்த நேரத்தில் காட்டு விலங்குதான் காட்டிக்கொடுத்தது.

போட்ஸ்வானாவைப் பார்த்து எல்லாவற்றையும் கொன்றுவிடலாம் என்பவர்களும் உண்டு. 1995இல் இன்னொரு நோயான மாட்டு நுரையீரல் தொற்று வந்தபோது அந்நாடு தன் வடமேற்குப் பகுதியான நகாமிலாந்தில் சுமார் 3,20,000 மாடுகளைக் கொன்று நோயை ஒழித்தது, உண்மைதான். இழப்பீடு கொடுக்க வைரப் பணமும், மாடுகளைத் தடுக்க வேலியும் அங்கே இருந்தன. இழப்பீடு தர வக்கில்லாத அரசு இதே உத்தரவைப் போட்டால் அன்று இரவே மந்தை எல்லை தாண்டிவிடும், நோயும் கூடவே போகும்.

ஆட்டுக்கொல்லிக்கு வருவோம். 2015இல் ஐவரி கோஸ்ட்டின் அபிஜானில் உலகத் திட்டத்தை அறிவித்தார்கள், மருந்தும் நல்ல மருந்து. ஆனால் ஆடு, மாடு மாதிரி பத்து வருடம் தொழுவத்தில் நிற்பதில்லை. குட்டி போடும் வேகத்திலும் விற்கும் வேகத்திலும் இரண்டு மூன்று வருடத்தில் மந்தையில் பெரும்பகுதி புது ஆடாகிவிடும். ஒரு வருடம் பெரிய முகாம் நடத்திவிட்டு அடுத்த நிதி வரும்வரை காத்திருந்தால், அதற்குள் பிறந்த குட்டிகளே நோய்க்குப் போதும். குட்டி ஈனும் பருவமும் மந்தைகள் இடம்பெயரும் காலமும் ஊருக்கு ஊர் மாறும், முகாம் தேதியை அதை வைத்து முடிவு செய்ய வேண்டும். நடைமுறையில் பல இடங்களில் அதை முடிவு செய்வது நிதியாண்டு.