காக்கா ‘தாத்தா’ ஆகும்போது: ஸ்பீச் தெரபியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

காக்காவைத் ‘தாத்தா’ என்றும் கடையைத் ‘தடை’ என்றும் சொல்லும் பிள்ளையிடம் ஓர் ஒழுங்கு இருக்கிறது. பின்நாக்கில் பிறக்கும் ‘க’ வர வேண்டிய இடத்திலெல்லாம் முன்நாக்கின் ‘த’ வருகிறது. இரண்டு, மூன்று வயதில் இது சகஜம். நாலு வயது தாண்டியும் நீடித்தால் ஸ்பீச் தெரபிஸ்ட்டிடம் காட்ட வேண்டும்.

ஆனால் நம் ஆட்கள் முதலில் நாக்கைத்தான் குறை சொல்வார்கள். வசம்பு தேய்ப்பது, விசில் ஊத வைப்பது, ஸ்ட்ராவில் உறிஞ்ச வைப்பது என்று தொடங்கிவிடுவார்கள். சில தெரபிஸ்ட்டுகளே இதைச் செய்வதுதான் வருத்தம். விசில் ஊதிப் பழகினால் விசில் ஊத வரும், அவ்வளவுதான். இந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு நாக்கில் பலவீனம் கிடையாது. எந்த ஒலி எந்த ஒலியிலிருந்து வேறு என்கிற கணக்குதான் மனதில் இன்னும் சரியாகப் பதியவில்லை. நாக்கின் அடிச்சவ்வை வெட்டச் சொல்கிறவர்களும் உண்டு. ‘க’ பிறப்பது பின்நாக்கில். நுனிக்கு அடியில் வெட்டி என்ன பயன்? அதைவிட முதலில் காதைச் சோதியுங்கள். கூப்பிட்டால் திரும்புகிறான் என்பது போதாது. அடிக்கடி சளி பிடிக்கும் பிள்ளைக்கு நடுக்காதில் நீர் தேங்கி, ஒலிகள் மங்கலாகக் கேட்கலாம்.

அடுத்த தவறு, ‘க, க, க’ என்று தனி எழுத்தாகவே ஒப்பிக்க வைப்பது. தனியாகச் சொல்லும்போது சரியாக வரும், சொல்லுக்குள் போனதும் ‘த’ ஆகிவிடும். இதற்குத்தான் இணைச்சொற்கள், அதாவது ஓர் ஒலி மட்டும் மாறும் சொல் ஜோடிகள். கோடு, தோடு என்று இரண்டு படங்களை வைத்து, வேண்டியதைப் பிள்ளையே கேட்கட்டும். கோட்டை நினைத்துக்கொண்டு ‘தோடு’ என்றால் தோட்டுப் படத்தைத்தான் கொடுக்க வேண்டும். ஒலி மாறினால் பொருளும் மாறும் என்பது அப்போது உறைக்கும். ‘க’ தனியாகக்கூட வராத பிள்ளைக்கு, முதலில் அந்த ஒலியை வரவழைத்த பிறகுதான் இந்த விளையாட்டு.

எல்லாருக்கும் இதே முறை என்பதும் சரியல்ல. பல ஒலிகள் மாறி, பேச்சே புரியாத பிள்ளைக்கு பேச்சு நிபுணர்கள் ஹாட்சன், பேடன் ஆகியோர் வகுத்த சுழற்சி முறை பொருந்தும்: ஒரு ஒலி முழுசாகச் சரியாகும்வரை காத்திராமல் அடுத்ததற்குப் போய், பிறகு திரும்பி வருவார்கள். ஒரே சொல்லை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லும் பிள்ளைக்கு, அன்றாடம் தேவைப்படும் சில சொற்களைத் தேர்ந்து, அவற்றை ஒரே மாதிரி சொல்லப் பழக்குவார்கள்.

அப்புறம், ஆங்கிலச் சொற்பட்டியலை வைத்துத் தமிழ்ப் பிள்ளையை அளப்பது. ‘பேட்’ என்பதை ‘பேட்டு’ என்றால் அது கோளாறல்ல, தமிழ் வழக்கம். வீட்டில் எல்லாரும் ‘வாளப்பளம்’ என்கிறபோது பிள்ளை மட்டும் ழகரம் சொல்லவில்லை என்று கணக்கெழுதுவதும் அநியாயம்.

வீட்டில் “தப்பு, திரும்பச் சொல்லு” என்று நச்சரிக்காதீர்கள். பிள்ளை “தாத்தா பறக்குது” என்றால், “ஆமா, காக்கா பறக்குது, பெரிய காக்கா” என்று பேச்சோடு பேச்சாகச் சரியான சொல்லைக் கேட்க வையுங்கள். விருந்தாளி வந்ததும் “எங்கே, காக்கா சொல்லு பார்ப்போம்” என்று மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.