முடிவுரையை முதலில் எழுதிவிடும் ஆய்வேடுகள்: ஆங்கிலத் துறை ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

'மை ஃபாதர் கோ டு டவுன் இன் மோர்னிங்.' தரம் 9 மாணவன் ஒருவனின் கொப்பியில் இருந்த வசனம் இது. கிண்ணியாவில் படிப்பிக்கும் ஆசிரியை ஒருவர் தமது முதுமாணி ஆய்வுக்காகச் சேர்த்து வைத்திருந்த கொப்பிகளில் ஒன்றைப் புரட்டியபோது கண்ணில் பட்டது. பக்கத்தில் சிவப்பு மையில் 'தாய்மொழித் தலையீடு' என்று குறித்திருந்தார்; தாய்மொழிப் பழக்கம் புதுமொழிக்குள் புகுந்து பிழையாக்குகிறது என்று பொருள். அடுத்த பிழைக்கும் அதே குறிப்பு. அதற்கடுத்ததற்கும் அதுவே. கொப்பி முடியும்வரை ஒரே குற்றவாளிதான்.

'தமிழ் அப்படி என்ன செய்துவிட்டது, ரீச்சர்?' என்று கேட்டேன். சிரித்தார். நான் வேடிக்கைக்குக் கேட்கவில்லை.

அந்த வசனத்தைப் பிரித்துப் பார்ப்போம். 'கோஸ்' என்று வரவேண்டிய இடத்தில் மாணவன் 'கோ' என்று எழுதியிருக்கிறான். இதற்குத் தமிழ்தான் காரணம் என்றால் தமிழ் வினைச்சொல் எழுவாயைக் கண்டுகொள்ளாததாக இருக்க வேண்டும். தமிழோ போகிறேன், போகிறாய், போகிறான், போகிறாள், போகிறார், போகிறது என்று ஆளுக்கு ஆள் விகுதி மாற்றுகிற மொழி. திணை, பால், எண், இடம் நான்கையும் வினைமுற்றில் ஏற்றிப் பேசிப் பழகிய பிள்ளை, ஆங்கிலத்தின் ஒற்றை 'ஸ்' விகுதியை ஏன் விடுகிறான்? தாய்மொழிப் பழக்கம் கைகொடுத்திருக்க வேண்டிய இடமல்லவா அது? ஸ்பானிய மொழி பேசும் பிள்ளைகளும் சீன மொழி பேசும் பிள்ளைகளும் ஆங்கில உருபுகளை ஏறத்தாழ ஒரே வரிசையில்தான் கைக்கொள்கிறார்கள் என்று டூலே, பர்ட் ஆகிய ஆய்வாளர் இருவரும் 1974இல் காட்டினார்கள். ஆங்கிலத்தையே தாய்மொழியாகக் கொண்ட குழந்தைகளுக்கும் இந்த 'ஸ்' பிந்தித்தான் வருகிறது.

'மோர்னிங்' என்பதற்கு முன்னால் 'தி' விடுபட்டிருப்பது வேறு கதை. தமிழில் அதற்கு நேரான சொல் கிடையாது. 'காலையில்' என்றாலே போதும். இங்கே தமிழைச் சந்தேகிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆக ஒரே வசனம், இரண்டு பிழை, இரண்டு வெவ்வேறு காரணம்.

இரு மொழிகளையும் ஒப்பிட்டுவிட்டால் பிழைகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம் என்ற நம்பிக்கை, மொழியியலாளர் ரொபர்ட் லாடோ 1957இல் எழுதிய காலத்துக்கு உரியது. பிற் கோர்டர் 1967இல் தெரியாமல் விடும் பிழை வேறு, தெரிந்தும் நழுவுவது வேறு என்று பிரித்தார். செலிங்கர் 1972இல் தாய்மொழிக்கும் கற்கும் மொழிக்கும் நடுவே கற்பவருக்கென்றே ஓர் இடைமொழி உண்டு என்றார். நம்முடைய ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயத்தில் இந்த மூவரும் தவறாமல் வரிசையில் நிற்கிறார்கள். தரவைப் பகுப்பாய்வு செய்யும் நான்காம் அத்தியாயத்துக்கு வந்ததும் ஆய்வு 1957க்கே திரும்பிப் போய்விடுகிறது.

இதில் எனக்கு ஆதங்கம் ஒன்று உண்டு. தலையீட்டுக் கோட்பாட்டைச் சோதிக்க நம் திருகோணமலை மாவட்டத்தைப் போல் தோதான இடம் எளிதில் கிடைக்காது. பேச்சுச் சிங்களத்தில் வினைச்சொல் ஆளுக்கேற்ப மாறுவதில்லை. 'மம யனவா', 'எயா யனவா' என்று யார் போனாலும் 'யனவா'தான். அப்படியானால் கந்தளாயில் சிங்கள மொழி மூலம் கற்கும் தரம் 9 மாணவர்கள் இந்த 'ஸ்' விகுதியை அதிகம் விட வேண்டும். மூதூரில் தமிழ் மொழி மூலம் கற்பவர்கள் குறைவாக விட வேண்டும். இரண்டு இடத்திலும் ஒரே ஆங்கிலப் பாடநூல். பஸ் ஏறினால் இரண்டு ஊருக்கும் போய்வரலாம். ஆசிரியர் பற்றாக்குறை, வீட்டில் ஆங்கிலம் புழங்குவது போன்றவை இரு பக்கமும் ஏறத்தாழ ஒத்திருக்கும் பாடசாலைகளாகத் தெரிவு செய்ய வேண்டும்; அது சிரமமான வேலைதான். ஆனாலும் செய்யலாம். செய்யாமல் 'தமிழே காரணம்' என்று எழுதுவது, விளக்கம் கேட்காமல் தீர்ப்பு வழங்குவது போன்றது.

இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழை என்று வட்டமிடுவதற்கு முன், அது இலங்கை ஆங்கிலத்தின் வழக்கமா என்று பாருங்கள். மைக்கல் மெய்லர் 2007இல் இலங்கை ஆங்கிலத்துக்கென்றே அகராதி வெளியிட்டிருக்கிறார். அதைத் திறந்து பார்த்தபின் சில வட்டங்களை அழிக்க வேண்டி வரும்.

தலைப்பு பெரிது, தரவு சிறிது

'திருகோணமலை மாவட்ட மாணவர் ஆங்கிலம் கற்பதில் எதிர்நோக்கும் பிரச்சினைகள்.' இந்தத் தலைப்பை எத்தனை முன்மொழிவுகளில் பார்த்திருக்கிறேன் என்று எண்ணுவதை விட்டுவிட்டேன். உள்ளே போனால் மாதிரி என்பது ஆய்வாளர் படிப்பிக்கும் வகுப்பின் நாற்பது பிள்ளைகள். உயர்தர விஞ்ஞானப் பிரிவுவரை உள்ள நகரத்தின் 1ஏபி பாடசாலையும் கீழ்வகுப்புகள் மட்டுமே உள்ள வெருகல் பக்கத்து மூன்றாம் வகைப் பாடசாலையும் ஒரே மாவட்டம் என்பது நிர்வாகக் கணக்கில் சரி. மாணவனின் நாளாந்தத்தில் அவை இரண்டு உலகம். நாற்பது பேரைப் பற்றித்தான் தெரியும் என்றால் நாற்பது பேரைப் பற்றியே எழுதலாம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஒரே வகுப்பை ஒரு தவணை முழுவதும் கவனித்து எழுதியதை நான் ஆசையோடு வாசிப்பேன்.

வினாக்கொத்து சொல்லும் பொய்

'ஆங்கிலம் கற்பதில் எனக்கு ஆர்வம் உண்டு. முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன்...' என்று ஐந்து கட்டங்கள். கொடுப்பவர் ஆங்கில ஆசிரியர். வாங்குபவர் அவரிடம் புள்ளி வாங்க வேண்டிய பிள்ளை. எந்தக் கட்டத்தில் அடையாளம் விழும் என்பதற்கு ஆய்வு தேவையில்லை. போதாக்குறைக்கு, ஆங்கிலம் வாசிக்கச் சிரமப்படும் மாணவரைப் பற்றிய வினாக்கொத்தை ஆங்கிலத்திலேயே கொடுத்தவர்களும் இருக்கிறார்கள். பிறகு அந்த அடையாளங்களைக் கூட்டி வகுத்து, சராசரி ஆர்வம் இத்தனை என்று இரண்டு தசமதானத்துக்கு எழுதுகிறார்கள்.

இதற்கு மாற்று வழி தேடி வெகுதூரம் போக வேண்டாம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் தம் வகுப்பையே ஆய்வு செய்தார். பதில் தாள்களில் மாணவர்கள் ஆங்கிலத்தின் மீது பெரும் ஆர்வம் இருப்பதாகவே எழுதினார்கள். நாள் போகப் போக வகுப்புக்கு வருகை குறைந்தது. அவர் அத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கப் பாடநூலின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியிருந்தவற்றை எடுத்துப் பார்த்தார். பாடத்தில் வரும் அமெரிக்கப் பாத்திரங்களுக்கு நம்மூர் ஒப்பனை, சினிமாப் பாட்டு, போராட்டச் சின்னங்கள், கேலி. வினாக்கொத்தில் இல்லாத மாணவன் அந்த ஓரங்களில் இருந்தான். 1993இல் ஆய்விதழில் கட்டுரையாகவும் பின்பு 1999இல் நூலாகவும் வெளிவந்து, உலகெங்கும் ஆங்கிலக் கல்வித் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிற ஆய்வு அது. தேவைப்பட்ட கருவி, பழைய பாடநூல்கள்.

உங்கள் வகுப்பு மேசைகளிலும் எழுத்து இருக்கிறது. பாடநூலின் பின்னட்டையையும் ஒருமுறை பாருங்கள்.

முன்சோதனை, பின்சோதனை வைத்து 'என் முறை வெற்றி' என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒப்பிட வேறொரு வகுப்பு இல்லை என்றால், புள்ளி கூடியது உங்கள் முறையாலா, அதே வினாத்தாளை இரண்டாம் முறை பார்த்ததாலா, மூன்று மாதம் வளர்ந்ததாலா என்று எப்படிச் சொல்வீர்கள்? மாரி காலத்தில் பின்சோதனை வைத்தால் இன்னொரு சிக்கல்: கொட்டும் மழையிலும் வந்து உட்கார்ந்திருப்பவர்கள் வகுப்பின் கெட்டிக்காரர்களாகவே இருக்கக்கூடும். வராதவர்களின் முன்சோதனைப் புள்ளியையும் நீக்கிவிட்டுத்தான் ஒப்பிட வேண்டும். பலர் நீக்குவதில்லை.

கல்லறையும் புளியமரமும்

இலக்கிய ஆய்வில் தவறுகள் இன்னும் சுவையானவை. கதைச் சுருக்கத்தை ஐம்பது பக்கம் எழுதிவிட்டு அதை ஆய்வு என்பது பழைய நோய். அதைப் பற்றி எல்லோரும் சொல்லிவிட்டார்கள். நான் சொல்ல வருவது ஊர்ப்பற்றால் வரும் தவறு.

திருகோணமலை நகரின் பழைய ஆங்கிலேயர் கல்லறைத் தோட்டத்தில் சார்ள்ஸ் ஒஸ்ரின் புதைக்கப்பட்டிருக்கிறார். நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரினின் தம்பி. பிரித்தானியக் கடற்படையின் ரியர் அட்மிரல். பர்மாப் போரின்போது ஐராவதி ஆற்றில் 1852 ஒக்டோபரில் வாந்திபேதியால் இறந்தவர். இதை அறிந்த உற்சாகத்தில் மாணவி ஒருவர், ஒஸ்ரினின் நாவல்களில் வரும் கடற்படைப் பாத்திரங்களில் திருகோணமலையின் செல்வாக்கு என்று முன்மொழிவு எழுதிக்கொண்டு வந்தார். தாளின் ஓரத்தில் இரண்டு ஆண்டுகளை எழுதிக் காட்டினேன். ஜேன் இறந்தது 1817. சார்ள்ஸ் இந்தக் கடற்பிரதேசத்துக்குத் தளபதியாக வந்தது 1850. அக்கா இறந்து முப்பத்துமூன்று ஆண்டுகள் கழிந்தபின் தம்பி வந்த துறைமுகம் அக்காவின் நாவலுக்குள் எப்படிப் போகும்? மாணவியின் முகம் வாடியது. கேள்வியைத் திருப்பிப் போடச் சொன்னேன்: ஓர் ஆங்கில நாவலாசிரியையை இந்த ஊர் ஒரு கல்லறை வழியாக எப்படி நினைவில் வைத்திருக்கிறது? அது செய்யக்கூடிய ஆய்வு. கால்நடையாகப் போய்ப் பார்க்கக்கூடிய தரவு.

மூதூர்க்காரருக்கு நொக்ஸ். மூதூரை ஒட்டிய கொட்டியார்க் குடாவுக்குள் கப்பலில் வந்து, கரையிறங்கியபோது 1660இல் கண்டி அரசனின் ஆட்களால் பிடிக்கப்பட்டு, ஏறத்தாழ பத்தொன்பது ஆண்டுகள் உள்நாட்டில் சிறையிருந்து, 1679இல் தப்பி, 1681இல் இலங்கை பற்றி நூல் வெளியிட்ட ஆங்கிலேயக் கடலோடி ரொபர்ட் நொக்ஸ். அவர் பிடிபட்டதாகச் சொல்லப்படும் புளியமரத்துக்கு 'வெள்ளைக்காரன் மரம்' என்றே பெயர். டானியல் டீஃபோவின் ரொபின்சன் குரூசோ நாவல் நொக்ஸின் நூலில் இருந்து பிறந்தது என்று ஆய்வேடுகளில் அடித்து எழுதுகிறார்கள். காரணம்? நொக்ஸ், குரூசோ இருவரும் தனியே இருந்தார்கள், இருவரும் ஆங்கிலேயர், இருவரிடமும் விவிலியம் இருந்தது. ஒற்றுமை என்பது செல்வாக்குக்குச் சான்று ஆகாது. குரூசோவுக்கு முன்மாதிரியாக வழக்கமாகச் சொல்லப்படும் அலெக்சாந்தர் செல்கேர்க் 1709இல் தீவிலிருந்து மீட்கப்பட்டவர். அவரை ஒரு வரியிலாவது எதிர்கொள்ளாமல் நொக்ஸை நிறுவ முடியாது. வேடிக்கை என்னவென்றால், உறுதியான சான்று வேறு நூலில் கிடக்கிறது. குரூசோ வந்த மறு ஆண்டு, 1720இல், டீஃபோ எழுதிய கப்டன் சிங்கிள்டன் நாவலில் நொக்ஸின் கதை பெயரோடே சுருக்கித் தரப்பட்டிருக்கிறது. டீஃபோ நொக்ஸை வாசித்திருந்தார் என்று அங்கிருந்து தொடங்கினால் கால் ஊன்ற இடம் உண்டு. புகழ்பெற்ற நாவலை விட்டு அதிகம் அறியப்படாததை வாசிக்கப் பலருக்கு மனம் வருவதில்லை, அவ்வளவுதான்.

பின்காலனியம் என்று தொடங்கும் அறிமுக அத்தியாயங்களில் ஒரு பத்தி அப்படியே இந்திய நூல்களில் இருந்து வந்து குடியேறிவிடுகிறது: இந்தியாவில் ஆங்கிலக் கல்வியை வலியுறுத்திய மெக்காலேயின் 1835ஆம் ஆண்டுக் குறிப்பால் இங்கே ஆங்கிலக் கல்வி வந்தது என்று. இலங்கையின் கரையோரம் 1802 முதலே பிரித்தானிய முடிக்குரிய குடியேற்றம். அதன்பின் அது கிழக்கிந்தியக் கம்பனியின் ஆட்சியில் இருக்கவில்லை. இங்கே பார்க்க வேண்டியது, பிரித்தானியர் இலங்கை நிர்வாகத்தை மாற்றியமைத்த 1833ஆம் ஆண்டுக் கோல்புறூக் சீர்திருத்தங்களை. அதற்கும் பத்து ஆண்டுகள் முன்பே, 1823இல், அமெரிக்க மிஷனரிமார் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கி ஆங்கிலம் படிப்பித்தார்கள். நம் வரலாற்றை நாமே இரவல் வாங்கி எழுதுவது கொஞ்சம் கூச்சமாக இல்லையா?

பெயர் மறைத்தும் தெரிகிற முகம்

இது சிறிய ஊர். 'குச்சவெளிப் பிரதேசத்தில் பணிபுரியும், 45 வயதான, இலக்கியத்தில் முதுமாணிப் பட்டம் பெற்ற ஆங்கில ஆசிரியை' என்று எழுதிவிட்டுப் பெயரை மறைத்துவிட்டதாக நினைக்கிறோம். வலயக் கல்வி அலுவலகத்தில் தேநீர் கொடுப்பவருக்கும் அது யார் என்று தெரியும். ஆசிரியர்களின் வாழ்க்கைக் கதைகளைக் கேட்கும் ஆய்வில் 2004 ஆழிப்பேரலையும் 2006இல் மூதூரை விட்டு இடம்பெயர்ந்ததும் வராமல் இருக்காது. அந்த விவரமே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடும். ஊரை மாற்றுங்கள், வயதைப் பத்தாண்டுக் கூட்டத்துக்குள் வையுங்கள், எழுதியதைச் சொன்னவரிடமே வாசிக்கக் கொடுங்கள். அதிபரின் கையெழுத்து வாங்கியதால் பெற்றோரின் சம்மதம் வாங்கியதாகிவிடாது.

மேற்கோள் விடயத்தில் குற்றவாளிக் கூண்டில் நானே ஏறுகிறேன். என் முதல் கட்டுரையில் ஒரு நூலின் வரியைப் பக்க எண்ணோடு எடுத்துப் போட்டேன். அந்த நூலை நான் கண்ணால் கண்டதில்லை. இன்னொருவர் காட்டிய மேற்கோளைக் காட்டினேன். பல ஆண்டுகள் கழித்து நூல் கையில் கிடைத்தபோது அந்தப் பக்கத்தில் அந்த வரி இல்லை. அவர் செய்த பிழையை நான் என் பெயரில் வாங்கிக்கொண்டிருந்தேன். இப்போது நிலைமை இதைவிட மோசம். செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் உசாத்துணை கேட்டால், உண்மையான அறிஞரின் பெயரில் எழுதப்படாத கட்டுரை ஒன்றை ஆண்டு, தொகுதி, பக்கம் சகிதம் தந்துவிடுகிறது. திறந்து வாசிக்காத எதையும் உசாத்துணைப் பட்டியலில் சேர்க்காதீர்கள்.

சஞ்சிகைகள் பற்றிச் சுருக்கமாக: உங்களை 'மாண்புமிகு பேராசிரியர்' என்று விளித்து, மூன்று நாளில் மதிப்பாய்வு, டொலரில் கட்டணம் என்று மின்னஞ்சல் வந்தால் அழித்துவிடுங்கள். ஐயமிருந்தால், அதில் முன்பு வெளியான இரண்டு கட்டுரைகளை முழுதாக வாசியுங்கள். விடை அங்கேயே கிடைத்துவிடும்.

கிண்ணியா ஆசிரியை போன மாதம் வந்திருந்தார். சிவப்புப் பேனாவை விட்டுவிட்டார். தமிழால் வந்தவை என்று காட்டக்கூடிய பிழைகளுக்கு நீலம், எந்த மொழிக்காரரும் விடும் பிழைகளுக்குக் கறுப்பு, காரணம் தெரியாதவற்றுக்குப் பச்சை. பச்சைப் பேனாவில்தான் மை சீக்கிரம் தீர்ந்துவிடுகிறதாம்; மேற்பார்வையாளர் என்ன சொல்வாரோ என்று பயமாக இருக்கிறது என்றார்.