டொராண்டோவில் முதல் வருடம்: ரசித்துப் படிக்க ஒரு கலைப் பாடம்

டொராண்டோ பல்கலைக்கழகத்தின் ஆர்ட்ஸ் அண்ட் சயின்ஸ் பிரிவில் கணிதமோ கணினியோ படிக்க வந்திருப்பீர்கள். ஆனாலும் பட்டம் வாங்க 'பிரெட்த்' நிபந்தனையை, அதாவது பல வகைப் பாடங்களையும் தொட்டுப் படிக்க வேண்டும் என்ற விதியை, முடித்தே ஆகவேண்டும். பாடங்கள் ஐந்து வகை. பட்டத்துக்குத் தேவையான மொத்தம் 20 கிரெடிட்டில் (பாட அலகில்) குறைந்தது 4 இந்த வகைகளில் பரவியிருக்க வேண்டும். அதனால் கலை, தத்துவம், சமூகம் சார்ந்த பாடங்கள் எப்படியும் உங்கள் வழியில் வரும்.

சீனியர்களைக் கேட்டால் 'பேர்ட் கோர்ஸ்' பட்டியல் ஒன்றைத் தருவார்கள். சுலபமாக மார்க் வருமாம். அதை நம்பி எடுக்காதீர்கள். பிடிக்காத விஷயத்தை வாராவாரம் பக்கம் பக்கமாகப் படிப்பது எவருக்கும் சுலபமில்லை. சிலபஸைத் திறந்து பாருங்கள்: வாசிப்பு எவ்வளவு, கட்டுரைக்கு எத்தனை சதவீதம், டுடோரியலில் (சிறு குழு வகுப்பில்) பேசுவதற்கு மார்க் உண்டா. அப்புறம் முதல் வகுப்பில் போய் உட்காருங்கள். பிடிக்கவில்லையென்றால் மாற்றிக்கொள்ளக் கொஞ்ச நாள் அவகாசம் உண்டு. கடைசித் தேதியைக் குறித்துவைத்தால் போதும். பாடக் குறியீட்டில் எண்ணுக்கு அடுத்து 'எச்' இருந்தால் அரை கிரெடிட், 'ஒய்' என்றால் முழு கிரெடிட். முதல் முயற்சிக்கு எச் நல்லது.

ப்ளஸ் டூவிலோ ஏ.எல்.லிலோ அறிவியல் படித்தவர்களுக்கு வரலாறு என்றாலே மனப்பாடம் என்ற பயம் இருக்கும். இங்கே பழைய கடிதம் ஒன்றைக் கையில் கொடுத்து, இதை எழுதியவர் யாரை நம்பவைக்கப் பார்க்கிறார், எதைச் சொல்லாமல் விட்டார் என்று கேட்பார்கள். புதிர் அவிழ்ப்பது மாதிரிதான்; கணக்குப் போடப் பிடிப்பவர்களுக்கு இது நிச்சயம் பிடிக்கும். சினிமாப் பைத்தியம் என்றால் சினிமா ஸ்டடீஸ் இருக்கிறது. படம் பார்ப்பதும் பாடத்தில் சேர்த்திதான்.

ஆனால் புதிதாக வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இண்டிஜினஸ் ஸ்டடீஸ், அதாவது இந்த மண்ணின் பூர்வகுடிகளைப் பற்றிய பாடம். செப்டம்பர் 30 அன்று வளாகத்தில் பலர் ஆரஞ்சு சட்டையில் வருவார்கள். பூர்வகுடிக் குழந்தைகளைக் குடும்பத்திலிருந்து பிரித்து, அவர்கள் மொழியைப் பேசவிடாமல் உறைவிடப் பள்ளிகளில் வைத்திருந்ததை நினைவுகூரும் நாள் அது. 2021 முதல் கனடா மத்திய அரசின் விடுமுறையும்கூட. வகுப்புகளின் தொடக்கத்தில் இந்த நிலம் யாருடையது என்று சொல்லப்படுவதற்குப் பின்னால் எத்தனை ஒப்பந்தங்கள், எத்தனை ஏமாற்றங்கள் இருக்கின்றன என்பது இந்தப் பாடத்தில்தான் புரியும். நாம் குடியேறியிருக்கும் மண்ணின் கதை இது. தாய்மொழியைக் காப்பாற்றப் பாடுபடும் நமக்கு அந்தக் குழந்தைகளின் வலி அந்நியமாக இருக்காது.

மார்க் குறைந்துவிடுமோ என்று கவலையா? மார்க்குக்குப் பதில் தேர்ச்சியா இல்லையா என்று மட்டும் பதிவாகும் 'கிரெடிட்/நோ கிரெடிட்' முறையில் 2 கிரெடிட் வரை எடுக்கலாம். 50 வாங்கினால் தேர்ச்சி, ஜிபிஏவில் (சராசரி மதிப்பெண்ணில்) சேராது, பிரெட்த்துக்குக் கணக்கு வரும். மேஜருக்கு (உங்கள் முதன்மைத் துறைக்கு) தேவையான பாடத்தில் மட்டும் இதைப் பயன்படுத்தாதீர்கள்.

ஆங்கிலத்தில் கட்டுரை எழுதத் தயக்கம் இருந்தால் பல்கலைக்கழகத்துக்குள் நீங்கள் சேர்ந்திருக்கும் காலேஜின் ரைட்டிங் சென்டருக்குப் போங்கள். இலவசம்தான். எழுதியதைக் கொண்டுபோனால் ஒருவர் உடன் உட்கார்ந்து பேசுவார். கெடு நெருங்கும்போது இடம் கிடைக்காது. கட்டுரைத் தலைப்பு கொடுத்த அன்றே நேரம் பதிந்துவிடுங்கள்.